பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்: துப்பாக்கியை விலை கொடுத்து வாங்கினால் குற்றம் குறையுமா?

பழைய இரும்புக்கும் ஈயத்துக்கும் பேரீச்சம்பழம் நிறுத்துக் கொடுத்த வியாபாரிகள் மதுரைத் தெருக்களைச் சுற்றிவந்த காலம் நடுவயதைக் கடந்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்த வண்டிக்கு வீட்டிலிருந்து போனவை ஓட்டை வாளியும் கைப்பிடி கழன்ற வாணலியும் துருப்பிடித்த தாழ்ப்பாளும்தான். மறுநாள் உலை வைக்க வேண்டிய பானையைப் பேரீச்சம்பழத்துக்காக எவரும் போட்டதில்லை. பொதுமக்களிடம் இருக்கும் துப்பாக்கிகளை அரசோ நகர நிர்வாகமோ பணம் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளும் திட்டங்களைப் பற்றி ஐம்பது ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கும் ஆய்வுகளைப் படிக்கும்போது எனக்கு இந்த வண்டிதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது.

திட்டத்தின் அமைப்பு எளிமையானது. குறிப்பிட்ட நாளில் காவல் நிலையத்திலோ தேவாலய வளாகத்திலோ ஒரு மேசை போடப்படும். துப்பாக்கியைக் கொண்டுவருபவரிடம் பெயரோ, அது வந்த வழியோ கேட்கப்படாது. கைத்துப்பாக்கிக்கு இவ்வளவு, நீண்ட குழல் துப்பாக்கிக்கு இவ்வளவு என்று ரொக்கமாகவோ கடைப் பரிசுச் சீட்டாகவோ கொடுத்துவிட்டு, வாங்கியதை உருக்கி அழித்துவிடுவார்கள். அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கொலைகள் பெருகும் ஆண்டுகளில் இத்தகைய நாள்கள் அறிவிக்கப்படுவது வழக்கமாகிவிட்டது. துப்பாக்கிகளைக் குவியலாகப் போட்டுப் படம் எடுக்க முடிவதால் நாளிதழ்களுக்கும் நகரத் தலைவர்களுக்கும் இது பிடித்த நிகழ்ச்சி.

முதல் பெரிய முயற்சிகளில் ஒன்று 1974ஆம் ஆண்டு பால்டிமோர் நகரில் நடந்தது. துப்பாக்கி ஒன்றுக்கு 50 டாலர் தருவதாகக் காவல் துறை அறிவித்ததும் ஏறத்தாழ 13,500 துப்பாக்கிகள் வந்து குவிந்தன. ஆனால் திட்டம் நடந்த அதே இரண்டு மாதங்களில் அந்நகரில் துப்பாக்கிக் கொலைகளும் துப்பாக்கித் தாக்குதல்களும் கூடியிருந்தன. திட்டம்தான் அவற்றைக் கூட்டியது என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை என்றாலும், குறைத்தது என்று சொல்ல அறவே இடமில்லாமல் போயிற்று. 1991இல் செயின்ட் லூயிஸ் நகரில் ஏறத்தாழ 7,500 துப்பாக்கிகளும், 1992இல் சியாட்டில் நகரில் 1,172 துப்பாக்கிகளும் வாங்கப்பட்டன. இரண்டு இடங்களிலும் பின்னர் கணக்கெடுத்த ஆய்வாளர்களால் குற்ற எண்ணிக்கையில் திட்டத்தின் சுவட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை. நகரம் நகரமாகப் பார்த்தால் எண்ணிக்கை சிறியதாக இருப்பதால்தான் விளைவு தெரியவில்லையோ என்ற ஐயத்தைத் தீர்க்க, 1991 முதல் 2015 வரை 277 நகரங்களில் நடந்த 339 திட்டங்களை ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்த பொருளியலாளர்களின் ஆய்வு 2021இல் வெளிவந்தது. துப்பாக்கிக் குற்றத்தையோ துப்பாக்கி மரணத்தையோ இத்திட்டங்கள் குறைத்ததற்கான சான்று எதுவும் அதிலும் கிடைக்கவில்லை.

ஏன் என்ற கேள்விக்கு விடை, மேசைக்கு வரும் துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். மில்வாக்கி நகரில் 1990களின் நடுப்பகுதியில் திட்டத்தின் வழியாக வந்த கைத்துப்பாக்கிகளையும் அதே வட்டாரக் கொலை வழக்குகளில் கைப்பற்றப்பட்ட கைத்துப்பாக்கிகளையும் அருகருகே வைத்து ஒப்பிட்டார்கள். வந்தவற்றில் பெரும்பங்கு சிறிய குண்டு போடும் பழைய சுழல் துப்பாக்கிகள். கொலைக்குப் பயன்பட்டவையோ பெரும்பாலும் பெரிய குண்டு போடும், தானாகக் குண்டேற்றிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தவை. கொண்டுவந்து கொடுத்தவர்களும் அப்படித்தான்: வயதில் மூத்தவர்கள், கணவர் விட்டுச்சென்ற துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்க அஞ்சும் பெண்கள், அலமாரியைக் காலி செய்ய நினைத்தவர்கள். அவர்களில் பலர் வீட்டில் வேறொரு துப்பாக்கி இருப்பதாகவும் ஆய்வாளர்களிடம் சொன்னார்கள். தெருச் சண்டையில் இருக்கும் பத்தொன்பது வயது இளைஞனுக்குத் தன் இடுப்பில் இருக்கும் துப்பாக்கியின் மதிப்பு 50 டாலரோ 200 டாலரோ அல்ல, தன் உயிர். எதிரியிடம் துப்பாக்கி இருக்கும்வரை அவன் அதை விற்கமாட்டான்.

இதைவிடச் சங்கடமான பக்கம் ஒன்றும் உண்டு. எந்தப் பொருளை அரசு கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்கிறதோ, அந்தப் பொருளைச் செய்வதற்கு ஆள் கிளம்பிவிடுவார்கள். 2022இல் நியூயார்க் மாநிலத்தின் யூட்டிகா நகரில் நடந்த ஒப்படைப்பு நாளுக்கு ஒருவர் முப்பரிமாண அச்சுப்பொறியில் வார்த்த துப்பாக்கிப் பாகங்களைப் பை நிறையக் கொண்டுவந்து 21,000 டாலர் மதிப்புள்ள பரிசுச் சீட்டுகளோடு திரும்பினார். விதிகளை அதன் பிறகுதான் திருத்தினார்கள். எலி வாலுக்குக் காசு என்று பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த ஹனோய் நகரில் 1902இல் அறிவித்தபோது, வாலை மட்டும் நறுக்கிவிட்டு எலியைப் பெருக்கத்துக்கு விட்ட கதை நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியாது. வாங்கிய துப்பாக்கிகள் அழிக்கப்படுகின்றனவா என்பதும் நம்பியதைப் போல் இல்லை. அழிப்புப் பணியை இலவசமாக ஏற்றுக்கொண்ட சில நிறுவனங்கள், சட்டப்படி துப்பாக்கி எனக் கருதப்படும் ஒரு பாகத்தை மட்டும் நசுக்கிவிட்டு மற்ற உதிரிகளைச் சந்தையில் விற்றுவந்தது 2023இல் அமெரிக்கச் செய்தித்தாள் விசாரணையில் வெளியானது.

இந்த விவாதத்தில் எப்போதும் எடுத்துக்காட்டாக நிறுத்தப்படும் ஆஸ்திரேலியாவுக்கு வருவோம். 1996 ஏப்ரல் 28 அன்று போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு, அந்நாடு ஏறத்தாழ ஆறரை லட்சம் துப்பாக்கிகளை விலை கொடுத்து வாங்கி அழித்தது. மருத்துவக் காப்பீட்டு வரியை ஓராண்டுக்கு 0.2 சதவீதம் உயர்த்தி அதற்குப் பணம் திரட்டினார்கள். ஆனால் இதைத் தன்னார்வத் திட்டம் என்று யாராவது சொன்னால் அவரைத் திருத்த வேண்டும். தானியங்கி, அரைத் தானியங்கி வகை நீண்ட துப்பாக்கிகளை வைத்திருப்பதே குற்றம் என்று முதலில் சட்டம் செய்தார்கள், உரிமத்துக்கும் பதிவுக்கும் கடுமையான நிபந்தனைகளை விதித்தார்கள், அதன் பிறகுதான் பறிக்கப்படும் சொத்துக்கு இழப்பீடாகப் பணம் கொடுத்தார்கள். நாட்டில் இருந்த துப்பாக்கிகளில் ஐந்தில் ஒரு பங்கு அப்போது மறைந்ததாகக் கணக்கிடப்படுகிறது. 2017ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அமெரிக்கப் பொதுமக்களிடம் ஏறக்குறைய 39 கோடி துப்பாக்கிகள் உள்ளன. அதில் ஐந்தில் ஒரு பங்கு என்றால் எட்டுக் கோடிக்கு அருகில் வரும். அவ்வளவு துப்பாக்கிகள் உள்ள நாட்டில் ஒரு நகரம் சனிக்கிழமை காலையில் ஆயிரம் துப்பாக்கிகளை வாங்குவது வைகை வெள்ளத்தைச் செம்பில் மொண்டு வெளியே ஊற்றுவதற்குச் சமம்.

ஆஸ்திரேலியாவில் துப்பாக்கி மரணங்கள் குறைந்தன என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அவை 1996க்கு முன்பே மெல்லக் குறைந்துகொண்டிருந்தன என்பதால், சட்டம் எந்த அளவுக்கு அதைத் துரிதப்படுத்தியது என்பதில்தான் புள்ளியியலாளர்கள் இன்னும் மோதிக்கொள்கிறார்கள். கவனிக்க வேண்டியது வேறொன்று. மாநில வாரியாகப் பார்த்தபோது, எங்கே அதிகத் துப்பாக்கிகள் வாங்கப்பட்டனவோ அங்கே துப்பாக்கியால் நிகழும் தற்கொலைகள் அதிகம் குறைந்திருந்தன. கொலை விஷயத்தில் இவ்வளவு தெளிவு இல்லை. பிரிட்டன் 1997இல் கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்து ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேல் இழப்பீட்டுடன் வாங்கிக்கொண்டபோதும், அடுத்த சில ஆண்டுகளில் கைத்துப்பாக்கிக் குற்றங்கள் கூடிவிட்டு 2000களின் நடுப்பகுதிக்குப் பிறகே இறங்கின, ஏனென்றால் ஒப்படைத்தவர்கள் உரிமத்தோடு விளையாட்டுக்குச் சுட்டுவந்தவர்கள், குற்றவாளிகளின் துப்பாக்கிகள் வேறு வழியில் வந்தவை. கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்ட 2019ஆம் ஆண்டில் நியூசிலாந்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை வாங்கியதும் கட்டாயச் சட்டத்தின்கீழ்தான்.

உண்மையிலேயே தன்னார்வமாகவும் நாடு தழுவியும் நடந்தவை என்று பிரேசிலையும் அர்ஜென்டினாவையும் சொல்லலாம். பிரேசிலில் 2004, 2005 ஆண்டுகளில் நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் வந்தன, கொலைகளும் அப்போது குறைந்தன. ஆனால் 2003இல் வந்த ஆயுதக் களைவுச் சட்டம் பொது இடத்தில் துப்பாக்கி எடுத்துச் செல்வதையே பெரும் குற்றமாக்கியிருந்தபடியால், குறைந்ததன் பெருமையைச் சட்டத்துக்குக் கொடுப்பதா வாங்கும் மேசைக்குக் கொடுப்பதா என்று பிரித்துச் சொல்வது கடினம். அர்ஜென்டினாவில் 2007இல் தொடங்கிய திட்டத்தில் ஒரு லட்சம் துப்பாக்கிகள் வந்தும் துப்பாக்கி மரணங்கள் குறைந்ததாகக் கண்டறியப்படவில்லை. என் கணிப்பில் இந்த இரண்டு நாடுகளின் வேறுபாட்டில்தான் விடையின் பெரும்பகுதி இருக்கிறது. துப்பாக்கியோடு தெருவில் நடப்பது ஆபத்தான காரியமாக மாறும்போது அதை ஒப்படைப்பதற்குக் கிடைக்கும் பணம் ஒரு சாக்காகிறது. அப்படி மாறாத இடத்தில் அது பேரீச்சம்பழம் மட்டுமே.

இதையெல்லாம் மதுரையில் உட்கார்ந்து பேச என்ன தேவை என்று கேட்கலாம். நம் பக்கத்துக் கொலைச் செய்திகளில் வருவது அரிவாளும் கத்தியும்தான், துப்பாக்கி அபூர்வம். மத்திய உள்துறை அமைச்சகத்தின் கணக்குப்படி 2016 இறுதியில் நாடு முழுவதும் இருந்த துப்பாக்கி உரிமங்கள் 33.69 லட்சம், அவற்றில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம், தமிழ்நாட்டில் வெறும் 22 ஆயிரத்துச் சொச்சம். இந்த வறட்சிக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறும் உண்டு. மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட சில வாரங்களில், 1801 டிசம்பரில், சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிக்கை தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதையே தடைசெய்தது. பாளையக்காரர்களின் கோட்டைகள் இடிக்கப்பட்டன, துப்பாக்கியும் வேலும் வளரியும் பறிக்கப்பட்டன. விலை கொடுத்தல்ல, தூக்குக் கயிற்றைக் காட்டி. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அந்தத் தடையை இந்தியா முழுவதற்கும் உரிய உரிம முறையாக்கியது, 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அம்முறையைத் தொடர்ந்தது.

ஆனாலும் சிறுமலை, அழகர்மலை, நத்தம் காட்டோரம், மேற்கே சாப்டூர், பேரையூர் மலையடிவாரம் என்று போனால், உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி என்பது கேள்விப்படாத பொருள் அல்ல. குழலின் வாய்வழியாகக் கருமருந்தும் ஈயக்குண்டும் இட்டுக் கிட்டித்துச் சுடும் பழைய ஒற்றைக் குழல் வகை அது. அதை வைத்திருப்பவர்களில் வேட்டைக்காரர்களும் உண்டு, நிலக்கடலையையும் மரவள்ளியையும் ஒரே இரவில் உழுதுவிட்டுப் போகும் காட்டுப்பன்றிக்காக வைத்திருக்கும் சம்சாரிகளும் உண்டு. கிருஷ்ணகிரி, சேலம் போன்ற மலை சார்ந்த மாவட்டங்களில் காவல் துறை, குறித்த தேதிக்குள் நாட்டுத் துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்தால் வழக்கு இல்லை என்று தண்டோரா போட்டும் ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லியும் கேட்டுக்கொள்வது உண்டு. இது பணமில்லாத திரும்பப் பெறுதல். மணிப்பூரில் 2023 கலவரத்தின்போது கொள்ளைபோன ஆயிரக்கணக்கான ஆயுதங்களை மீட்க, 2025 பிப்ரவரியில் ஆளுநர் ஏழு நாள் கெடு விதித்து, பின்னர் மார்ச் 6 வரை நீட்டித்ததும் இதே வகைதான். அங்கே ஏறத்தாழ ஆயிரம் ஆயுதங்கள் வந்தன, பெரும்பகுதி வரவில்லை. எதிர்த் தரப்பு வைத்திருக்கிறது என்ற அச்சம் இருக்கும் இடத்தில் மன்னிப்பும் பணத்தைப் போலவே வலுவிழக்கிறது.

சம்சாரியின் நாட்டுத் துப்பாக்கி விஷயம் அப்படிப்பட்டதன்று. அவருக்கு எதிரி மனிதன் அல்ல, பன்றி. தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் வகுத்த முறைப்படி, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை காட்டுப்பன்றியைச் சுடக்கூடாது, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் வந்தால் பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும், மூன்று கிலோமீட்டரைத் தாண்டினால் வனத் துறையினர் சுடலாம். மலையடிவாரத் தோட்டங்கள் பெரும்பாலும் முதல் இரண்டு வளையத்துக்குள் அடங்கிவிடுகின்றன. விளைச்சல் சேதத்துக்கு இழப்பீடு விரைவாகக் கிடைக்காதவரை, ஒரு துப்பாக்கிக்கு ஐயாயிரமோ பத்தாயிரமோ கொடுத்து வாங்கினாலும் அந்தப் பணத்தின் ஒரு பகுதி அடுத்த துப்பாக்கிக்கோ, அதைவிடக் கொடிய, இரைக்குள் மறைத்துவைக்கும் நாட்டு வெடியான அவுட்டுக்காய்க்கோ போய்ச் சேரும் என்பதே என் அச்சம். யானையின் வாயையும் ஆட்டுக்காரச் சிறுவனின் கையையும் சிதைக்கும் அந்த வெடியை எந்த மேசைக்கும் யாரும் கொண்டுவரப்போவதில்லை.

கொண்டுவருவதற்கே தயங்க வைக்கும் இன்னொரு காரணமும் நம் பக்கத்தில் இருக்கிறது. உசிலம்பட்டி வட்டாரத்தில் காவல் நிலையப் பதிவேடு என்ற சொல்லுக்கே ஒரு சுமை உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ்க் கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீசார் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். நூறு ஆண்டு கடந்தும் அந்த நாள் அங்கே நினைவுகூரப்படுகிறது. தாத்தா காலத்து ரேகைச் சட்டத்தைக் கேட்டு வளர்ந்த ஒருவர், பேர் கேட்கமாட்டோம் என்ற அறிவிப்பை நம்பித் தானாகத் துப்பாக்கியோடு நிலையத்துக்குப் போவார் என்று எதிர்பார்ப்பது அவரை அறியாதவர் செய்யும் காரியம். சட்டமும் அவருக்குத் தெம்பு தருவதாக இல்லை. உரிமமில்லாத சாதாரணத் துப்பாக்கிக்கே குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டுச் சிறை என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனையைக் கூட்டியிருக்கிறது. வழக்கு வேண்டாம் என்று முடிவெடுப்பதற்குச் சட்டத்துக்குள்ளேயே ஓர் இடம் இருப்பது ஆறுதல். உரிமமின்றி வைத்திருந்த குற்றத்துக்கு மாவட்ட நிர்வாக நடுவரின் முன் அனுமதி இல்லாமல் வழக்குத் தொடுக்க முடியாது என்கிறது ஆயுதச் சட்டத்தின் 39ஆம் பிரிவு. மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் ஒன்றாக நின்று எழுத்தில் வாக்குக் கொடுத்தால் அதற்கு மதிப்பு இருக்கும், நிலைய ஆய்வாளரின் வாய்ச்சொல்லுக்கு இருக்காது.

நகரத்துக்குள் கேள்வி அரிவாளைப் பற்றியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு காவல் துறை மாநிலம் முழுவதும் நடத்திய ஆயுத வேட்டையில் பிடிபட்டவற்றுள் கத்தியும் அரிவாளும்தான் குவிந்தன, துப்பாக்கிகள் விரல்விட்டு எண்ணும் அளவே. அதையொட்டி, வாங்குபவர் பெயரையும் காரணத்தையும் எழுதிவைக்கும்படி பட்டறைக்காரர்களுக்கு அறிவுறுத்தினார்கள். மானாமதுரை சாலையில் உள்ள திருப்பாச்சேத்தியின் பட்டறைகளில் கருவேலம் வெட்டவும் இளநீர் சீவவும் அடிக்கப்படும் அரிவாளை விலை கொடுத்து வாங்கிக்கொள்வதாக அரசு அறிவித்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பார்த்தால் போதும். மொட்டை அரிவாள்கள் வண்டி வண்டியாக வரும், பட்டறைக்காரர்கள் அந்த ஆண்டு தீபாவளியைச் சிறப்பாகக் கொண்டாடுவார்கள், கூலிக்கு வெட்டுபவன் கையில் இருப்பது மட்டும் வராது. துப்பாக்கி விஷயத்திலும் கணக்கு இதேதான். ஒரே வேறுபாடு, துப்பாக்கியைச் செய்வதும் கடத்துவதும் அரிவாளைப் போல எளிதல்ல என்பதால், வரும் வழியை அடைப்பது அங்கே ஓரளவு சாத்தியம். அந்த வழியை அடைக்கும் காவல் பணிக்குச் செலவிடும் ரூபாய் குற்றத்தைக் குறைக்கும் வாய்ப்பு, மேசையில் செலவிடும் ரூபாயைவிடக் கூடுதல்.

இத்தனைக்குப் பிறகும் ஒப்படைப்புத் திட்டங்களை வீண் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை, காரணம் குற்றம் அல்ல. அமெரிக்காவில் 2021இல் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,000க்கும் மேற்பட்டோர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். உயிர் துறக்கும் எண்ணம் பலருக்குச் சில மணி நேரத்தில் கடந்துபோகும் புயல், அந்த நேரத்தில் கொல்லும் பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் இருப்பதே பெரிய காப்பு. தமிழ்நாட்டுக்கு இது புதிய செய்தியல்ல. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுப் பெட்டகத்தில் பூட்டிவைத்த முயற்சி இந்த எண்ணத்திலிருந்து பிறந்ததுதான், பெட்டகம் வைத்த ஊர்களில் பூச்சிமருந்து மரணங்கள் குறையவும் செய்தன. அலமாரியில் கிடந்த பழைய துப்பாக்கியை ஒரு மூதாட்டி கொண்டுவந்து கொடுக்கும்போது தெருச் சண்டையில் ஒரு குண்டு குறைவதில்லை, அவர் வீட்டுப் பேரப்பிள்ளைக்கு ஓர் ஆபத்து குறைகிறது. இதைச் சொல்லித் திட்டத்தை நடத்தினால் எனக்கு மறுப்பில்லை. குற்ற ஒழிப்பு என்ற பலகையை மாட்டி நடத்துவதுதான் உறுத்துகிறது.

அந்தக் கோணத்தில் பார்த்தால் மதுரைப் பக்கத்தில் செய்ய வேண்டியது சிறிய காரியம். ஒவ்வொரு தேர்தலின்போதும் உரிமத் துப்பாக்கிகள் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டு, முடிவு வந்தபின் ரசீதைக் காட்டித் திரும்பப் பெறப்படுகின்றன. அந்த வரிசையில் நிற்பவர்களின் தலை நரைத்துக்கொண்டே போகிறது. அவர்கள் இறந்தபின், உரிமம் இல்லாத மகன் வீட்டுப் பரணில் அந்த இரட்டைக் குழல் துப்பாக்கி கிடப்பது சட்டப்படி குற்றம் என்பது பல குடும்பங்களுக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் நிலையத்துக்குப் போகப் பயப்படுகிறார்கள். ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு இதற்கு வழி சொல்கிறது: அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகரிடமோ தாமதமின்றி அதை ஒப்படைக்க வேண்டும், ஒப்படைத்தவரோ வாரிசோ குறிப்பிட்ட காலத்துக்குள் சட்டப்படி தகுதியுள்ள ஒருவருக்கு அதை விற்று அந்தப் பணத்தைப் பெற்றுக்கொள்ளவும் உரிமை உண்டு. அரசு பணம் போடாமலே துப்பாக்கிக்கு விலை கிடைக்கும் இந்த ஏற்பாடு 1959 முதல் ஏட்டில் இருக்கிறது. வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் தாளில் இதை இரண்டு வரியில் அச்சிட்டால், இறந்தவர் பெயரில் துப்பாக்கி இருந்ததா என்ற கேள்வி அந்தக் குடும்பத்துக்குத் தக்க நேரத்தில் எழும்.